கட்டட விதிகள் யாரைக் காக்கின்றன?

சென்னையில் ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனை வைத்திருக்கும் ஒருவர், வீடு கட்டப் புறப்படும்போதுதான் கட்டட விதிகள் என்று ஒன்று இருப்பதையே பெரும்பாலும் அறிந்துகொள்கிறார். முன்புறம் இவ்வளவு இடம் விட வேண்டும், பக்கங்களில் இவ்வளவு, பின்புறம் இவ்வளவு என்று வரைபடம் போடுபவர் சொல்லும்போது, தம் சேமிப்பைப் போட்டு வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியை வெறுமனே விட்டுவைப்பது அவருக்கு இழப்பாகவே படுகிறது. "என் மனையில் நான் கட்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு விடை சொல்லாமல் கட்டட விதிகளின் நோக்கத்தை விளக்கவும் முடியாது.

ஒரு கட்டடம் எழும்புவது நில உரிமையாளருக்கும் கட்டுமான நிறுவனத்துக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தத்தின் பேரில். ஆனால் அந்தக் கட்டடத்தால் நன்மையோ தீமையோ அடையப்போகிறவர்களில் பலர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதே இல்லை. சன்னலுக்கு வெளிச்சம் வேண்டியிருக்கும் அடுத்த வீட்டுக்காரர், சாரத்தில் நின்று பூசும் கொத்தனார், இருபது ஆண்டுகள் கழித்து மூன்றாவது கையாக அந்தக் குடியிருப்பை வாங்கப்போகிறவர், அங்கே வாடகைக்கு வரும் குடும்பம், தீப்பிடித்தால் உள்ளே நுழைய வேண்டிய தீயணைப்பு வீரர், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பொறுத்துத் தம் கூடத்தில் தண்ணீர் நிற்குமா என்று தெரியவரும் பின்தெருக்காரர் ஆகிய இவர்கள் எவரையும் யாரும் கலந்தாலோசிப்பதில்லை. தூணுக்குள் எத்தனை கம்பி போயிருக்கிறது என்பதைப் பூச்சு முடிந்த பிறகு இவர்களால் பார்க்கவும் முடியாது. இவர்கள் சார்பில் முன்கூட்டியே பேசிவைக்கப்பட்ட நிபந்தனைகள்தாம் கட்டட விதிகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், மீறல் என்பது அரசுக்கும் உரிமையாளருக்கும் இடையே பணத்தால் தீர்த்துக்கொள்ளக்கூடிய விவகாரமா என்ற கேள்விக்கு, அதாவது தமிழ்நாட்டில் கால் நூற்றாண்டாக நம்மைத் தொடரும் கேள்விக்கு, விடை தேட முடியும்.

விதிகள் பிறந்த கதை

நகரங்கள் இந்த நிபந்தனைகளைப் பெரும்பாலும் பேரிடருக்குப் பிறகே எழுதியிருக்கின்றன. 1666 ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் பெரும்பகுதி எரிந்துபோன பின், மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் புதிய வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்ட வேண்டும் என்றது. இந்தியாவில் 1896 இல் பம்பாயைத் தாக்கிய பிளேக், காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கடியான குடியிருப்புகளின் மீது ஆட்சியாளர்களின் கவனத்தைத் திருப்பியது. 1898 இல் அங்கே நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. சென்னை மாகாணத்துக்கு 1920 இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் உருவான முக்கியமான பகுதி, இன்று நாம் தி. நகர் என்று அழைக்கும் தியாகராய நகர். மாம்பலத்தில் இருந்த பெரிய ஏரியைத் தூர்த்து, 1923 ஐ ஒட்டிய ஆண்டுகளில், நடுவில் பனகல் பூங்காவும் அதிலிருந்து பிரியும் சாலைகளுமாக ஒரு குடியிருப்புப் பகுதியாக அது வரையப்பட்டது. வீடுகளுக்காக வரையப்பட்ட அந்தத் தெருக்களில் பிற்காலத்தில் என்ன நடந்தது என்பதைத் தீ பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

இன்றைய ஏற்பாட்டுக்கு அடிப்படை 1971 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அதன் கீழ் 1974 இல் சட்டபூர்வமான அமைப்பாயிற்று. நகரில் எங்கே என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் முதல் முழுமைத் திட்டம் 1975 இலும் இரண்டாவது 2008 செப்டம்பரிலும் வந்தன. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை பெருநகரக் குழுமம், ஊரமைப்பு இயக்ககம், மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என்று ஒவ்வோர் அமைப்பும் வேறு வேறாகக் கையாண்டுவந்த விதிகள் மாநிலம் முழுவதற்கும் ஒன்றாயின. இது பெரிய சீர்திருத்தம். ஒரே சாலையின் ஒரு பக்கம் மாநகராட்சியாகவும் மறுபக்கம் ஊராட்சியாகவும் இருந்த புறநகர்களில், விதி எங்கே தளர்வோ அங்கே கட்டடம் முளைத்த வழக்கத்துக்கு அது ஓரளவேனும் தடை போட்டது.

வெற்றிடத்தின் கணக்கு

பேச்சு வழக்கில் செட்பேக் என்று சொல்லப்படும் பக்க இடைவெளியைத்தான் மக்கள் அதிகம் மீறுகிறார்கள். அதன் பயனை மிகக் குறைவாக மதிக்கிறார்கள். இரண்டு வீடுகள் தத்தம் எல்லையில் ஐந்தடி விட்டால் நடுவே பத்தடி அகலத்தில் காற்றோட்டமான ஒரு பாதை கிடைக்கிறது. ஒருவர் மட்டும் தம் ஐந்தடியை மூடினால், மற்றவர் விட்ட ஐந்தடியின் பயனையும் அவரே எடுத்துக்கொள்கிறார். இப்படித்தான் ஒரு தெருவில் விதியை மதித்தவர் தண்டனை பெற்றவராகிறார். அடுத்த முறை அவரும் மூடுகிறார். அந்த இடைவெளி கழிவுநீர்க் குழாயைப் பழுதுபார்க்கவும், ஏணி வைக்கவும், மழைநீர் மண்ணுக்குள் இறங்கவும் தேவைப்படுவது. 18.30 மீட்டரைத் தாண்டும் உயர்மாடிக் கட்டடங்களைச் சுற்றிக் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும் என்ற விதி, தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றிவந்து ஏணியை நிமிர்த்துவதற்கான இடத்தைக் கணக்கிட்டு வைத்தது. அந்த 7 மீட்டரில் ஜெனரேட்டர் அறையையும் காவலர் அறையையும் கட்டிவிட்டு மேலே விலையுயர்ந்த தீயணைப்புக் கருவிகளைப் பொருத்துவதால் பயன் குறைவு.

எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு வேறு வகையான பாதுகாப்பு. மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதே அது. 2019 விதிகளின்படி உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு இது 2; முன்பு 1.5 ஆக இருந்தது. உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25. ஆகவே ஒரு கிரவுண்டில் 4800 சதுர அடி கட்டலாம். இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது தெருவின் தாங்குதிறன். குடிநீர்க் குழாயின் விட்டம், பாதாளச் சாக்கடையின் கொள்ளளவு, மின்மாற்றியின் திறன், சாலையின் அகலம் ஆகியவை ஒரு தெருவில் இத்தனை பேர் வாழ்வார்கள் என்ற கணிப்பில் அமைகின்றன. அதனால்தான் கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் தளப்பரப்பையும் சாலை அகலத்தோடு சேர்த்தே விதி அளக்கிறது; அகலமான சாலைக்கு அதிகம், குறுகிய சாலைக்குக் குறைவு.

இந்தக் குறியீட்டை மீறுவதால் யாருக்கு இழப்பு என்பதை அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஒரு கிரவுண்டில் சம அளவில் 4 வீடுகள் என்றால் ஒவ்வொருவருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு 600 சதுர அடி. அனுமதி இல்லாமல் ஐந்தாவது வீடு ஒன்றை மொட்டைமாடியில் எழுப்பி விற்றால், அது 480 ஆகச் சுருங்க வேண்டும். அல்லது ஐந்தாமவர் நிலத்தில் பங்கே இல்லாத வீட்டுக்கு உரிமையாளர் ஆக வேண்டும். இதன் விளைவு அன்றைக்குத் தெரியாது. கட்டடம் பழுதாகி இடித்துக் கட்டும் நாள் வரும்போது, விதி அனுமதிக்கும் பரப்பை ஐந்து பேருக்குப் பங்கிட்டால் இழப்பு யாருடையது என்ற தகராறு எழும். 1980களிலும் 90களிலும் எழுந்த சென்னையின் மூன்று மாடிக் குடியிருப்புகள் பல இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று 2022 ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழிவகுத்திருக்கிறது. எனவே இந்தக் கணக்கு இனி ஏட்டோடு நிற்காது.

தூணுக்குள் இருப்பது

2014 ஜூன் 28 அன்று மாலை, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அவர்களில் மிகப் பலர். இதில் நாம் மறக்கக் கூடாத செய்தி, அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது என்பது. இடைவெளி, உயரம், பரப்பு என்று வரைபடத்தில் பார்க்கக்கூடிய அனைத்தையும் ஓர் அலுவலகம் பார்த்து முத்திரை குத்தியிருந்தது. மண் எந்த எடையைத் தாங்கும், அடித்தளம் அதற்கேற்ப இருக்கிறதா, தூண்கள் மேலே வரப்போகும் சுமைக்குப் போதுமானவையா என்ற கேள்விகளை யார் கேட்டார்கள் என்பதுதான் பின்னர் நீதிபதி ரெகுபதி ஆணையத்தின் விசாரணைக்கு வந்தது. அதே வளாகத்தில் அருகிலேயே நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

நகரமைப்பு அனுமதி வேறு, கட்டமைப்புப் பாதுகாப்பு வேறு என்பதை மௌலிவாக்கம் எல்லோருக்கும் உணர்த்தியது. கான்கிரீட்டுக்கும், காற்றின் விசைக்கும், நிலநடுக்கத்துக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரங்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970 லிருந்து இருக்கிறது. 2016 இல் திருத்தப்பட்டது. இல்லாதது, அவை களத்தில் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கண். 2019 விதிகள் கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்யச் சொல்லி, ஒவ்வொருவரும் தம் பெயரில் பொறுப்பேற்கும்படி செய்தன. வழக்கு வந்தால் எல்லோரும் மேஸ்திரியைக் கைகாட்டும் நிலையிலிருந்து இது ஒரு முன்னேற்றம்.

மற்றொரு பாடம் குஜராத்திலிருந்து வந்தது. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தின் மையம் கச்சுப் பகுதியில் இருந்தது. ஆனால் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் பல மாடிக் குடியிருப்புகள் இடிந்து மக்கள் இறந்தார்கள். இடிந்தவற்றில் பல, தரைத்தளத்தைச் சுவரே இல்லாமல் வண்டி நிறுத்துவதற்காகத் திறந்துவிட்டு, மேல்தளங்களை மட்டும் சுவர்களால் நிரப்பியவை. மேலே கனமும் விறைப்பும், கீழே வெறும் தூண்கள் என்ற அந்த அமைப்பில் அசைவு முழுவதையும் கீழ்த்தளத் தூண்களே வாங்கிக்கொள்ள வேண்டும். மறு ஆண்டு நிலநடுக்கத் தரம் திருத்தப்பட்டபோது சென்னை நிலநடுக்க ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்திலிருந்து, அதைவிட ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. இன்று சென்னையில் புதிதாக எழும் அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை ஸ்டில்ட் எனப்படும், வண்டி நிறுத்துவதற்காகத் தூண்களோடு திறந்துவிட்ட தரைத்தளத்தின் மேல் நிற்பவைதாம். அந்தத் தூண்களைத் தரம் சொல்கிறபடி வலுப்படுத்தியிருந்தால் அச்சப்பட ஒன்றும் இல்லை. வலுப்படுத்தியிருக்கிறார்களா என்று குடியிருப்பவர் அறிய வழியே இல்லை என்பதுதான் இந்த விதியைத் தளர்த்தவே கூடாத விதியாக ஆக்குகிறது.

தீ வந்தபோது

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு தனியார் பள்ளியில் 94 குழந்தைகள் எரிந்து இறந்ததைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சத்துணவுச் சமையல் கொட்டகையில் பிடித்த தீ மாடியில் இருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின. இறங்குவதற்கு வழி குறுகலாக இருந்தது. இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பள்ளி போன்ற கட்டடங்கள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்ற பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் தமிழ்நாட்டில் 1965 லிருந்தே இருக்கிறது. அந்தக் குழந்தைகளைக் காக்க வேண்டிய சட்டத்துக்கு அன்றைக்கு 39 வயது. தீ விபத்துக்குப் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அதைச் செய்ய முடியும் என்பது தெரிந்த செய்திதான். 94 உயிர்களுக்கு முன்பே அதைச் செய்திருக்கலாம்.

தி. நகருக்கு வருவோம். குடியிருப்புக்காக வரையப்பட்ட அந்தப் பகுதி, மாம்பலம் ரயில் நிலையத்தின் அண்மையால் படிப்படியாகத் தமிழ்நாட்டின் பெரிய கடைத்தெருவானது. பயன்பாடு மாறுவது தவறல்ல. நகரம் என்றால் மாறத்தான் செய்யும். ஆனால் தெருக்களின் அகலம் மாறவில்லை. பண்டிகைக் காலத்தில் நிற்க இடமில்லாத ரங்கநாதன் தெருவில் பல மாடி அங்காடிகள் எழுந்தன. 2008 செப்டம்பர் 1 அன்று அந்தத் தெருவின் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து ஊழியர் இருவர் இறந்தனர். 2017 மே 31 அன்று அதிகாலையில் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய துணிக்கடையின் தரைக்குக் கீழுள்ள தளத்தில் பிடித்த தீ ஒரு நாளுக்கும் மேலாக எரிந்தது. அது அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் தளங்கள் எழுப்பப்பட்ட கட்டடம். புகை வெளியேறப் போதிய திறப்புகள் இல்லாததால் வீரர்கள் எளிதில் உள்ளே செல்ல முடியவில்லை. சுவர்களை இடித்து வழி உண்டாக்க வேண்டியிருந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி தானாகவே சரிய, எஞ்சியதும் பின்னர் இடிக்கப்பட்டது. கடை திறந்து கூட்டம் நிறைந்திருக்கும் மாலை நேரத்தில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

டெல்லியின் உபகார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்ததும் இதே வகையைச் சேர்ந்ததே. கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக வெளியேறும் பாதை ஒன்று அடைக்கப்பட்டிருந்தது. விற்கக்கூடிய ஒவ்வோர் அடியும் வருமானம், விற்க முடியாத படிக்கட்டும் நடைவழியும் செலவு என்று பார்க்கும் கணக்கில் முதலில் பலியாவது தப்பிக்கும் வழிதான். வணிகரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அந்த வழியை விட்டுவிட முடியாது என்பதால்தான் அது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

தண்ணீர்

விதி வேலை செய்யும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2003 இல், கடும் தண்ணீர்ப் பஞ்சத்தின் நடுவே, புதிய கட்டடங்கள் மட்டுமன்றிப் பழையவையும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயம் ஏற்படுத்த வேண்டும் என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தெளிவான ஆணை, குறிப்பிட்ட கெடு, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு போகும் என்ற எச்சரிக்கை, வீடு வீடாகப் பார்வையிடல் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்ததால் மக்கள் செய்தார்கள். பிந்தைய ஆண்டுகளில் பார்வையிடல் தளர்ந்தது. வடிகட்டும் மணலும் கூழாங்கல்லும் அடைத்துப்போன குழிகள் பெயரளவுக்கு நின்றன. 2019 கோடையில் சென்னை வறண்டபோதுதான் அவற்றை மறுபடியும் நினைத்தோம்.

வெள்ளத்தின் கதை இதைவிடக் கடினமானது. 2015 டிசம்பரில் அடையாற்றின் கரையிலும் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் நீர் புகுந்தபோது, தனித்தனியாகப் பார்த்தால் முறையான அனுமதி பெற்ற வீடுகளும் மூழ்கின. ஒரு மனையை மட்டும் அளக்கும் விதியால் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க முடியாது. தாழ்வான நிலத்தை மண் கொட்டி உயர்த்துபவர் தம் வீட்டைக் காத்துக்கொண்டு அந்த நீரை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்புகிறார். அடுத்தவர் இன்னும் உயர்த்துகிறார். பழைய வீட்டுக்காரர் கடைசியில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் நிலைக்கு வருகிறார். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கிய வரலாறும் இதுவே. 2022 இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எஞ்சியிருந்தது பழைய பரப்பின் ஒரு பகுதிதான். ஆகவே நிலப் பயன்பாட்டுத் திட்டமும் கட்டட விதியும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை. எங்கே கட்டக் கூடாது என்பதை முதலாவது சொல்லாவிட்டால், எப்படிக் கட்ட வேண்டும் என்று இரண்டாவது எவ்வளவு விரிவாகச் சொன்னாலும் பயனில்லை.

வரன்முறை என்னும் வழக்கம்

இவ்வளவு காரணங்கள் இருந்தும் விதி ஏன் மதிக்கப்படவில்லை? மக்களின் பேராசை, அலுவலர்களின் கையூட்டு என்று சொல்லிவிடுவது எளிது; இரண்டும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் இவற்றைவிட ஆழமாக வேலை செய்தது அரசே ஏற்படுத்திய ஓர் எதிர்பார்ப்பு என்று நான் கருதுகிறேன். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு 1998 இல் சேர்க்கப்பட்டது. குறிப்பிட்ட நாளுக்கு, அதாவது 1999 பிப்ரவரி 28 க்கு, முன் கட்டி முடித்த விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த, அதாவது வரன்முறை செய்ய, அது வழி செய்தது. இதை எதிர்த்து நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 இல் அந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்பதே அந்த ஏற்புக்கு ஆதாரமாக இருந்தது. ஆனால் கடைசி நாள் 2000 க்கும், 2001 க்கும், 2002 க்கும் நீட்டிக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாதென அறிவித்தது. 2007 இல் நடவடிக்கையைத் தள்ளிவைக்க அவசரச் சட்டம் வந்தது. பின்னர் 113-சி என்ற புதிய பிரிவு வந்து, 2007 ஜூலை 1 வரையிலான கட்டடங்களுக்கு மீண்டும் வழி திறந்தது.

இந்த வரிசையை ஒரு கட்டுமான நிறுவனத்தின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். விதிப்படி கட்டினால் ஒரு தளம் குறைவு. மீறிக் கட்டினால் ஒரு தளம் அதிகம். பிற்பாடு எப்போதாவது ஒரு திட்டம் வரும், அதற்குள் வீடுகளை விற்றுவிட்டுப் போயிருக்கலாம், கட்டணத்தை வாங்கியவர்கள் கட்டிக்கொள்வார்கள். நேர்மையாகக் கட்டிய நிறுவனம் சந்தையில் பின்தங்குகிறது. கட்டணமாக வந்த பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது; வெளிச்சத்தை இழந்த அடுத்த வீட்டுக்காரருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. விதி யாருக்காக எழுதப்பட்டதோ அவரைக் கேட்காமலேயே அரசு அவருடைய உரிமையை விட்டுக்கொடுக்கிறது. இடைவெளியைப் பணம் கொடுத்து மீட்க முடியாது, தப்பிக்கும் படிக்கட்டைப் பணம் கொடுத்து உண்டாக்க முடியாது என்பதால் வரன்முறை என்ற சொல் இவ்விடத்தில் எதையும் முறைப்படுத்தவில்லை.

மனைப் பிரிவுகளிலும் இதே கதை நடந்தது. ஆனால் அங்கே மாற்றத்துக்கு வழிவகுத்த ஒரு திருப்பமும் உண்டு. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ரியல் எஸ்டேட் தொழிலே நின்றுவிட்டது என்ற குரல்கள் எழுந்தன. 2017 இல் அரசு பழைய மனைகளுக்கான வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. ஆனாலும் பதிவு அலுவலகத்தின் கதவில் தடை இருப்பதால், புதிய மனைப்பிரிவு போடுபவர் இன்று முதலில் அங்கீகாரத்தைத் தேடுகிறார். ஏரிப் புறம்போக்கையும் வயலையும் வெள்ளைக் கல் நட்டு விற்ற காலத்தோடு ஒப்பிட்டால், பல்லாண்டு அறிவுரைகளால் முடியாததை அந்த ஒரு தடை செய்தது.

விதியிலும் குறை உண்டு

விதிகளை ஆதரிப்பவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நிறைவேற்றவே முடியாத விதி மீறலை வளர்க்கும். 400 சதுர அடி மனையில் ஒரு தொழிலாளி கட்டும் வீட்டுக்கும், ஏக்கர் கணக்கில் எழும் கோபுரக் குடியிருப்புக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரின் பழைய தெருக்களிலும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியே நிற்பவை. நடுவே முற்றம் வைத்து வெளிச்சமும் காற்றும் பெற்றவை. அத்தகைய பகுதிகளைத் தொடர் கட்டடப் பகுதிகள் என்று விதி தனியாக ஏற்றுக்கொண்டிருப்பது சரியான அணுகுமுறை. சிறு வீடு கட்டுபவரை மாதக்கணக்கில் அலையவிட்ட நடைமுறையும் மாற வேண்டியதாகவே இருந்தது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரையும் ஒரு மாடியுமோ கட்டுபவர் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறுகிறார். இதை நான் வரவேற்கிறேன். அந்த எளிமையால் மிச்சமாகும் அலுவலர்களின் நேரம் பெரிய கட்டடங்களின் களத்துக்குப் போக வேண்டும் என்பதும் அதன் மறுபாதி; போகாவிட்டால் சீர்திருத்தம் பாதியில் நிற்கும்.

அனுமதிக்கும் நாளைவிட முக்கியமான நாள், கட்டி முடித்த பிறகு குடிபுகுவதற்கு முன் உள்ள நாள். பெரிய கட்டடங்களுக்குக் கட்டட நிறைவுச் சான்றிதழ் இருந்தால்தான் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் என்ற நிபந்தனை தமிழ்நாட்டில் வந்தபின், அனுமதித்த வரைபடத்துக்கும் நிற்கும் கட்டடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுமான நிறுவனம் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் நாடு முழுவதற்கும் இதையே வலியுறுத்தியது: அனுமதித்த வரைபடம் கட்டுமான இடத்தில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், இணைப்புகளும் வங்கிக் கடனும் சான்றிதழைப் பார்த்த பிறகே தரப்பட வேண்டும், தவறாகச் சான்றளித்த அலுவலர் மீது நடவடிக்கை வேண்டும்.

காலம் கடந்து வரும் நடவடிக்கை எப்படி இருக்கும் என்பதைக் கொச்சியின் மரடு காட்டியது. கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிக் கட்டிய நான்கு குடியிருப்பு வளாகங்கள் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் தகர்க்கப்பட்டன. 300 க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. சட்டம் நிலைநாட்டப்பட்டது; ஆனால் வீட்டைக் காலி செய்தவர்கள் விதியை மீறியவர்கள் அல்லர், மீறியவரிடமிருந்து வாங்கியவர்கள். நீதிமன்றம் இழப்பீட்டுக்கு வழி செய்தாலும், குடும்பம் குடிபுகுந்த பிறகு எடுக்கும் எந்த நடவடிக்கையும் தவறானவர் தலையில்தான் முதலில் விழுகிறது.

ஆகவே கண்காணிப்பின் கனம் முழுவதும் குடிபுகுவதற்கு முந்தைய கட்டங்களில் இருக்க வேண்டும்: அடித்தளக் குழி தோண்டிக் கம்பி கட்டியவுடன் ஒரு முறை, அனுமதிக்கப்பட்ட கடைசித் தளம் வார்க்கும்போது ஒரு முறை, முடித்த பிறகு ஒரு முறை. ஒவ்வொரு பார்வையின் அறிக்கையும் பார்த்த பொறியாளரின் பெயரோடு இணையத்தில் யாரும் படிக்கும்படி இருக்க வேண்டும். இப்போது சென்னைக்கு மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிவருகிறது. மெட்ரோ ரயில் பாதைகளை ஒட்டி இன்னும் உயரமாகவும் நெருக்கமாகவும் கட்டலாம் என்ற திசையில் பேச்சு செல்கிறது. உயரம் கூடுவதில் எனக்கு மறுப்பில்லை. நகரம் பக்கவாட்டில் பரவி ஏரிகளை விழுங்குவதைவிட அது மேல். அந்த உயரத்தை அனுமதிக்கும் அதே ஆணையில், களத்துக்குப் போய்ப் பார்க்கும் பொறியாளர்களின் பணியிடங்களும் அறிக்கைகளை வெளியிடும் கடமையும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான் வரைவு வெளிவரும்போது நாம் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.